உள்ளே கைப்பிடி இல்லாத கதவு

2011 பிப்ரவரி 9-ஆம் தேதி, இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில், லிங்கன்ஷையரைச் சேர்ந்த ஹோல்த்பி சாண்ட்ஸ் என்ற ஊரின் மணல்மேட்டிலிருந்து, 1889-இல் கட்டப்பட்ட மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டி ஒன்று கிரேனால் தூக்கப்பட்டு லாரியில் ஏற்றப்பட்டது.

பெட்டிக்குச் சக்கரங்கள் இல்லை. ரயில்வே அதைக் கழித்துக்கட்டிய காலத்திலேயே அவற்றைக் கழற்றி விற்றுவிட்டார்கள். உடலை மட்டும் மணலில் இறக்கிவைத்து ஒரு குடும்பம் குடியேறியது. அதன்பின் எண்பது ஆண்டுகள் அது வீடு. கடைசியாக அதில் தனியாக வாழ்ந்த ஐவி டாபர் என்ற பெண்மணி முந்தைய இலையுதிர்காலத்தில் இறந்துபோனார். நிலத்துக்காரர் பெட்டியைக் கொளுத்திவிடப் போகிறார் என்று தெரிந்ததும், பழைய ரயில்களைப் பாதுகாக்கும் சங்கம் ஒன்று ஓடிப்போய்க் கேட்டு வாங்கிக்கொண்டது.

லாரி சங்கத்தின் கொட்டகைக்கு வந்தபோது வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். சங்கத் தலைவர் ஹெட்லி கிரம்மிட். பெயிண்ட் வேலையையும் தேநீரையும் பார்த்துக்கொள்ளும் பிரெண்டா கப்பிள்டிச். பள்ளியில் மரவேலை கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்ற மாரிஸ் ஓட்லிங். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. தார்ப்பாயை விலக்கியதும் சாம்பல் நிறத் தகடு அடித்த நீளமான ஒரு பெட்டி தெரிந்தது.

"இதுவா? கோழிக்கூடுன்னுல்ல நெனச்சேன்" என்றாள் பிரெண்டா.

"தகட்டுக்குப் பின்னால பாரு. தேக்கு. பர்மாவுலேர்ந்து கப்பல்ல வந்தது. நாமெல்லாம் போன பிறகும் இது நிக்கும்" என்றார் ஹெட்லி.

"நீங்க போன பிறகுன்னு சொல்லுங்க தலைவரே. நான் எங்கயும் போறதா இல்ல."

மாரிஸ் உள்ளே ஏறினார். ஒருகாலத்தில் ஐந்து தனித்தனி அறைகளாக இருந்த பெட்டி அது. ஒவ்வோர் அறைக்கும் இருபக்கமும் கதவு, எதிரெதிராக இரண்டு பலகை இருக்கைகள். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வழி கிடையாது. குடியிருந்தவர்கள் நடுவிலிருந்த தடுப்புகளையெல்லாம் அறுத்து எடுத்துவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கூடமாக ஆக்கியிருந்தார்கள். நீலப்பூ போட்ட சுவர்த்தாள். அடுப்பு இருந்த இடத்தில் கரி படிந்த தரை. ஈரமும் பழைய சோப்பும் கலந்த வாடை.

எல்லாக் கதவுகளிலும் உட்புறம் ஒரு கைப்பிடி இருந்தது. ஒன்று பித்தளை, ஒன்று அலமாரிக் குமிழ், ஒன்று வளைத்தெடுத்த இரும்புக் கம்பி. கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து யாரோ அவசரமாகச் செய்த வேலை. ஆனால் திருகாணிகளைத் தேவைக்கு மேல் நீளமாகப் போட்டு, அசைக்க முடியாதபடி இறுக்கியிருந்தார்கள். எல்லாமே மாரிஸின் தொடை உயரத்தில் இருந்தன.

பிரெண்டா எட்டிப் பார்த்தாள். "குடும்பமே குள்ளமோ?"

"பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெட்டிக்கு உள்பக்கம் கைப்பிடியே கிடையாது" என்றார் ஹெட்லி. "கண்ணாடியத் தோல்வார்ல எறக்கிட்டு, கைய வெளிய விட்டு வெளிக் கைப்பிடியத் திருப்பணும். அதுதான் முறை. இதெல்லாம் எடுத்துடு மாரிஸ்."

பழைய பெட்டிகளை மீட்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலையைத் தொடங்குவதற்கு முன் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஆண்டில் பெட்டி எப்படி இருந்ததோ, அப்படியே கொண்டுவர வேண்டும். அதற்குப் பின் ஒட்டிக்கொண்டது எதுவானாலும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஹெட்லி இதில் ஒரு நூலளவும் விட்டுக்கொடுக்காதவர்.

"எண்பத்தொன்பது" என்றார். "பட்டறையிலேர்ந்து வெளிய வந்த அன்னிக்கு எப்படியோ, அப்படி. மத்ததெல்லாம் அழுக்கு."

மாரிஸ் கைப்பிடிகளைக் கழற்றிப் பழைய இரும்பு வாளியில் போட்டார். துளைகளைத் தேக்குத் துண்டுகளால் அடைத்து இழைத்துவிட்டார். நல்ல வேலைக்காரர். விரலால் தடவினாலும் துளை இருந்த இடம் தெரியாது.

*

பெட்டி வந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மாரிஸின் மனைவி டாரத்தி இறந்து நான்காவது குளிர்காலம் அது. மகள் கேரன் நியூசிலாந்தில் நெல்சன் நகரத்தில் இருந்தாள். அவருக்காக அங்கே ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் முட்டை வேகவைத்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடிக்கும்.

"எப்பப்பா வர்றீங்க?"

"பெட்டி முடிஞ்சதும் வர்றேம்மா."

"ரெண்டு வருஷமா இதத்தான் சொல்றீங்க. உங்க பெட்டி முடியவே முடியாது."

"ஈஸ்டருக்கு ஓடணும். ஹெட்லி ஊருக்கெல்லாம் சொல்லிட்டாரு."

"அப்ப ஈஸ்டர் முடிஞ்சு. நான் டிக்கெட் போடறேன். அப்புறம் இழுக்கக் கூடாது."

"போடு."

அவர் அதை மனதாரத்தான் சொன்னார். அந்த வீட்டில் இனி அவருக்கு வேலை இல்லை. சில நாட்களில் கடைக்காரரிடம் பேசும்போதுதான் காலையிலிருந்து தன் குரலையே கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியவரும். மற்றவர்கள் சனிக்கிழமை மட்டும் கொட்டகைக்கு வருவார்கள். வாரநாட்களில் அவர் தனியாக அங்கேயே கிடந்தார். தகரக் கூரையில் காற்று உரசும். இழைப்புளி ஓடும். மற்றபடி எதுவும் இல்லை.

அறுத்தெடுத்த தடுப்புகளுக்குப் பதிலாகப் புதியவற்றைச் செய்து ஒவ்வொன்றாக நிறுத்தினார். கூடம் மறைந்து அறைகள் திரும்பி வந்தன. கடைசியாக நடு அறையின் தடுப்பைத் திருகி முடித்த மாலையில், கொட்டகையின் ஓசை மாறியதுபோல அவருக்குத் தோன்றியது. அதுவரை ஏதோ ஒன்று நீளவாக்கில் நடந்துகொண்டிருந்து இப்போது நின்றுவிட்டதுபோல.

தொந்தரவு வார்னிஷில் தொடங்கியது.

மற்ற நான்கு அறைகளிலும் வார்னிஷ் கண்ணாடியாகக் காய்ந்தது. நடு அறையில் மட்டும், காலையில் வந்து பார்த்தால், தரையிலிருந்து இடுப்புயரம்வரை வெள்ளையாகப் பூத்திருக்கும். ஈரம் பட்டால் வார்னிஷ் பூக்கும். எந்தத் தச்சருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இது திட்டுத்திட்டாக இல்லை. நான்கு சுவரையும் சுற்றி, மட்டம் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரே உயரத்தில் நின்றது. கோட்டுக்கு மேலே பளபளப்பு. கீழே வெளுப்பு.

மாரிஸ் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசினார். மறுபடி பூத்தது.

ஹீட்டர் வைத்தார். கோடு ஒரு விரற்கடை மேலே ஏறியது.

"கூரை ஒழுகுதா பாத்தியா?" என்றார் ஹெட்லி சனிக்கிழமை.

"ஒழுகினா மேலேர்ந்துல்ல நனையணும். இது கீழேர்ந்து வருது."

"தரையிலேர்ந்து ஈரம் ஏறுது."

"பெட்டி தரையிலயா இருக்கு? ஆள் குனிஞ்சு போற உயரத்துல, நாம வாங்கிப் போட்ட சக்கரச் சட்டத்து மேல நிக்குது."

பிரெண்டா விரலால் கோட்டுக்குக் கீழே தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு கரிக்குது."

"வார்னிஷ நக்கறவ சொல்றதக் கேட்டா நான் தலைவரா இருக்க முடியாது" என்றார் ஹெட்லி. அவளும் சிரித்தாள். மாரிஸும் சிரித்தார். கொட்டகையிலிருந்து கடல் பார்வைக்கெட்டாத தூரம்.

அடுத்த வாரம் அவர் கதவின் உட்பக்கத்தைப் பூசிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் குனிந்து பார்த்தபோது, அரைகுறையாகக் காய்ந்த வார்னிஷில் தடங்கள் இருந்தன.

விரல் தடங்கள்.

சின்ன விரல்கள். தாழ்வாக, கைப்பிடி இருந்த இடத்தில். அவர் அடைத்து இழைத்த துளைகளைச் சுற்றிச் சுற்றி, மேலும் கீழும், எதையோ தேடித் தடவியதுபோல.

கொட்டகைப் பூட்டு அப்படியே இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு குழந்தைகூட அங்கே வந்ததில்லை.

அதை அழிக்க அவர் உடனே உப்புத்தாளை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டார். சனிக்கிழமை ஹெட்லி பார்த்துவிட்டுப் பூனை என்றார்.

"அஞ்சு விரல் வச்ச பூனையா?" என்றாள் பிரெண்டா. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

*

ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஜீன் சார்ட்சன் என்ற வயதான பெண்மணி பெட்டியைப் பார்க்க வந்தார். இறந்துபோன ஐவியின் சித்தப்பா மகள். பிளாஸ்டிக் மழைத்தொப்பியை அவிழ்க்காமலே படியேறி, ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தார்.

"என்ன இப்படி மினுமினுன்னு ஆக்கி வச்சிருக்கீங்க! ஐவி பாத்தா அடையாளமே தெரியாது. அவ இந்தச் சுவத்துல முட்டைப் பொரியல் எண்ணெயத்தான் பூசி வச்சிருந்தா."

ஹெட்லி பெருமையோடு விளக்கினார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே நடு அறைக்கு வந்தார். கதவின் உட்பக்கத்தைப் பார்த்தார். கையால் தடவினார்.

"கைப்பிடி எங்க?"

"அது பின்னால வச்சதும்மா. முதல்ல கிடையாது."

"எல்லாத்தையுமா எடுத்துட்டீங்க?"

"இது ரயில் பெட்டி இல்லீங்களா."

"இது வீடுங்க" என்றார் ஜீன். "ரயிலா கொஞ்ச நாளுதான் இருந்துச்சு."

அவர் இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல் பேசினார். ஐம்பத்து மூன்றில், ஜனவரி கடைசியில், கடல் கரையேறிய ராத்திரி. அப்போது பெட்டி அறை அறையாகவேதான் இருந்தது. அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ராத்திரி வேலைக்குப் போயிருந்தார். அம்மா கோடி அறையில் படுத்திருந்தாள். இரண்டு பெண்களும் இந்த நடு அறையில். ஐவி பெரியவள். மேவிஸுக்கு ஐந்து வயது.

"தண்ணி வந்ததும் ஐவி கண்ணாடிய எறக்கப் பாத்திருக்கா. மரம் ஊறிப்போச்சு, பாதிதான் எறங்குச்சு, கை வெளிக் கைப்பிடிக்கு எட்டல. அவ ஒல்லி. நெளிஞ்சு வெளிய குதிச்சுட்டா. சின்னவளுக்கு அந்த உயரம் எட்டல. ‘நீ அங்கயே இரு, நான் சுத்தி வந்து கதவத் திறக்கறேன்’னு சொல்லிட்டுப் போனா. தண்ணி ஐவிய இழுத்துட்டுப் போகப் பாத்துச்சு. கூரை மேல ஏறியிருந்த அவங்க அம்மா முடியப் புடிச்சுத் தூக்கினா. அதுக்கு மேல கதவுகிட்டப் போகவே முடியல."

ஜீன் கதவின் உட்பக்கத்தை மறுபடி தடவினார்.

"விடிஞ்சு வந்து பாத்தாங்க. சொன்ன மாதிரியே கதவுகிட்டயே நின்னுக்கிட்டிருந்திருக்கா போல."

ஹெட்லி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம்தான் எங்க பெரியப்பா தடுப்பையெல்லாம் அறுத்தாரு. சின்னப் புள்ளைக்கு எட்டற மாதிரி எல்லாக் கதவுலயும் கைப்பிடி வச்சாரு. சின்னவளே போன பிறகு யாருக்கு வைக்கிறீங்கன்னு யாரும் கேக்கல. ஐவிய எவ்வளவோ கூப்பிட்டோம். அரசாங்கம் நல்ல வீடு குடுத்துச்சு. அவ ஒரு ராத்திரிகூட வெளிய தங்கினதில்ல. ‘மேவிஸ் தனியா இருப்பா’ம்பா. பைத்தியம்னு விட்டுட்டோம்." எழுந்து மழைத்தொப்பியின் முடிச்சை இறுக்கினார். "ஒண்ணாவது திருப்பி வைங்க."

அவர் போனபிறகு மாரிஸ் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு ஹெட்லி. இந்தக் கதவுல மட்டும்."

"எனக்கு மட்டும் கஷ்டமா இல்லையா? ஆனா ஒண்ணு வச்சா அப்புறம் சுவர்த்தாள் கேப்பாங்க, அடுப்பு கேப்பாங்க. எண்பத்தொன்பதுன்னா எண்பத்தொன்பது."

"வாளி எங்க?"

"பழைய இரும்புக்காரன் போன மாசமே வந்துட்டுப் போயிட்டான்."

"தலைவரே, உங்களுக்கு மரத்துல செஞ்ச மனசு" என்றாள் பிரெண்டா. "அதுவும் தேக்கு இல்ல. ஒட்டுப்பலகை."

*

செவ்வாய்க்கிழமை மாரிஸ் தன் வீட்டில் கேரனின் பழைய அலமாரியிலிருந்து ஒரு பித்தளைக் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். ஹெட்லியிடம் சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம். திட்டினால் திட்டட்டும்.

மதியம்வரை வேறு வேலை பார்த்தார். தள்ளிப்போடுகிறோம் என்று அவருக்கே தெரிந்தது. நாலு மணி வாக்கில், வெளிச்சம் சாம்பலாக மாறும்போது, திருப்புளியையும் கைப்பிடியையும் எடுத்துக்கொண்டு நடு அறைக்குள் ஏறினார். மறுபக்கத்துக் கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. இந்தக் கதவைத் திறந்துவைத்து, அது ஆடாமல் இருக்க ஒரு மரக்கட்டையைச் சொருகினார். முட்டிபோட்டு உட்கார்ந்து, துளைக்குப் பென்சிலால் குறி வைத்தார்.

கட்டை விழுந்த சத்தம் கேட்டது.

கதவு சாத்திக்கொண்டது. வேகமாக அல்ல. யாரோ பின்னாலிருந்து பொறுமையாக இழுத்ததுபோல. பூட்டு ‘களக்’ என்று விழுந்தது.

கொட்டகையில் காற்று இல்லை.

அவர் கதவைத் தள்ளினார். உள்பக்கம் பிடிக்க ஒன்றுமில்லை. வழுவழுப்பான தேக்கு. அவர் கையாலேயே இழைத்தது.

‘கண்ணாடியை இறக்கினால் போயிற்று’ என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். எழுந்து தோல்வாரைப் பிடித்து இழுத்தார். சட்டம் அசையவில்லை. நேற்றுவரை வெண்ணெயாக இறங்கிய சட்டம். விரலால் ஓரத்தைத் தொட்டார். மரம் ஊறி உப்பியிருந்தது.

அப்போது வாடை வந்தது. சேறு. கடற்பாசி. அணைந்த விளக்கின் எண்ணெய்.

கணுக்கால் குளிர்ந்தது.

குனிந்து பார்த்தார். தரை காய்ந்துதான் இருந்தது. பூட்ஸின் மேல் மரத்தூள் படிந்திருந்தது. ஆனால் குளிர் காலைச் சுற்றி வளையமாக நின்றது. மெல்ல ஏறியது. முழங்கால். தொடை. அதற்கு ஒரு கனம் இருந்தது. அவர் ஓரடி நகர்ந்தபோது அது அவரோடு அசைந்து, எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்தது.

சுவரில் இருந்த கோடு அவர் இடுப்பளவு. குளிர் அங்கே வந்து நின்றது.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அவருடைய வேலைமேசை, தேநீர்க் கோப்பை, நாற்காலியில் போட்ட சால்வை எல்லாம் இருந்தன. மிகத் தூரத்தில் இருப்பதுபோல இருந்தன. கத்தலாம் என்று நினைத்தார். செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமைவரை யாரும் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைவரை யாரும் தொலைபேசியில் கூப்பிடக்கூட மாட்டார்கள்.

கதவின் கீழ்ப்பாதியில் ஓசை கேட்டது.

தட்டுகிற ஓசை அல்ல. தடவுகிற ஓசை. ஈரக்கை மரத்தின்மேல் போகும் ஓசை. மேலே, கீழே, சுற்றி.

நின்றது.

மறுபடி மேலே, கீழே, சுற்றி.

அவருடைய தொடையருகே, இருட்டில், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அழுகை இல்லை. அதுதான் அவரை உலுக்கியது. அழுது முடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. நிற்கச் சொன்னார்கள். நின்றுகொண்டிருக்கிறாள்.

தோல்வாரை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டார். முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தார். சட்டம் கிறீச்சிட்டுப் பாதி இறங்கியது. அதற்கு மேல் இறங்கவில்லை. கையைத் தோள்வரை வெளியே விட்டார். விரல் நுனியில் வெளிக் கைப்பிடி தட்டுப்பட்டது. பித்தளை சில்லென்றிருந்தது. திருப்பினார்.

கதவு திறந்தது.

கீழே காய்ந்த சிமெண்ட் தரை. அவர் படிப்பலகையில் காலை வைத்தார். அப்படியே இறங்கி ஓடியிருக்கலாம்.

பின்னால் அந்த மூச்சு அங்கேயே நின்றது. வெளியே வரவில்லை. சொன்னவள் வந்து திறக்கவில்லையே. திறந்தது வேறு யாரோ.

அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"வாம்மா" என்றார். காலையிலிருந்து பேசாத குரல் கரகரத்தது. "வா, போகலாம்."

சற்றுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு அவருடைய இரண்டு விரல்களை ஒரு சின்ன ஈரக்கை பிடித்தது.

*

விளக்கை அணைத்தது, கொட்டகையைப் பூட்டியது எதுவும் அவருக்கு நினைவில்லை. காரைக் கிளப்பிச் சாலைக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. இருபுறமும் உழுத வயல்கள். எதிரில் ஒரு வண்டிகூட இல்லை. கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது, தனியாகக் கிடந்தால் இப்படித்தான் என்று நினைத்தார். இதைக் கேரனிடம் சொல்லக் கூடாது. அவளிடம் போய்ச் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

காரில் மணி அடித்தது.

மெதுவான, இடைவிடாத மணி. முன்பலகையில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கியது. பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் வரும் விளக்கு.

பக்கத்து இருக்கையில் அவர் பை கூட இல்லை.

மாரிஸ் வண்டியை ஓரங்கட்டினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மணி அடித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தப் பக்கமாகச் சாய்ந்து, பெல்ட்டை இழுத்து, இருக்கைக்குக் குறுக்கே கொண்டுவந்து மாட்டினார்.

மணி நின்றது.

*

நடு அறையின் வார்னிஷ் அந்த வாரமே காய்ந்தது. ஹீட்டரை இடம் மாற்றி வைத்ததுதான் காரணம் என்றார் ஹெட்லி. கதவருகே ஒரு பித்தளைக் கைப்பிடி கிடந்ததைப் பார்த்து மாரிஸை முறைத்தார். அது பொருத்தப்படாமல் கிடந்ததால் அதோடு விட்டுவிட்டார். ஈஸ்டர் திங்களன்று பெட்டி நீராவி என்ஜினுக்குப் பின்னால் ஓடியது. நடு அறையில் ஸ்லீஃபர்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டது. ஜீன் சார்ட்சன் வரவில்லை.

மாரிஸ் நியூசிலாந்து போகவில்லை. கேரன் தொலைபேசியில் முதலில் கத்தினாள், பிறகு அழுதாள்.

"பெட்டிதான் முடிஞ்சுடுச்சேப்பா. இன்னும் அங்க என்ன இருக்கு?"

"இங்கேர்ந்து இப்ப வர முடியாதும்மா."

"யாராவது கூட இருக்காங்களா?"

"முட்டை வெந்துடுச்சும்மா" என்று அவர் தொலைபேசியை வைத்தார். டிக்கெட் காலாவதியானது.

அவர் கொட்டகைக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும் பகல் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிடுவார். மே மாதத்தில் ஒருநாள் பிரெண்டா எலுமிச்சைக் கேக் ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். கோட்டைக் கழற்றி மாடிப்படிக் கம்பத்தில் மாட்டிவிட்டுத் திரும்பியவள் திகைத்து நின்றாள். வீட்டுக்குள் கதவுகளே இல்லை. கூடத்துக்கு இல்லை, சமையலறைக்கு இல்லை, மாடியறைகளுக்கும் இல்லை. கீல் இருந்த இடங்களை மரத்தால் அடைத்து இழைத்துப் பெயிண்ட் அடித்திருந்தார்.

"என்னப்பா இது?"

"காத்து வரட்டும்னு."

"பாத்ரூமுக்குமா? நான் போகணும்னா என்ன செய்யறது?"

"நான் தோட்டத்துல நிக்கறேன், போயிட்டு வா."

"உன்கிட்ட வெக்கப்பட்டு என்ன ஆகப்போகுது" என்றாள். ஆனால் போகவில்லை. அவர் கேக்கை வெட்டினார். அவளுக்கு ஒரு துண்டு, தனக்கு ஒரு துண்டு. மூன்றாவதாக மெல்லியதாக ஒன்றை வெட்டித் தனித்தட்டில் எடுத்து வைத்தார். பிரெண்டா அதைப் பார்த்தாள். பிறகு ஹெட்லியின் மூட்டுவலியைப் பற்றியும், சங்கம் அடுத்து வாங்கப்போகும் சரக்குப் பெட்டியைப் பற்றியும் பேசினாள். அரைக் கோப்பைத் தேநீரில் எழுந்துகொண்டாள்.

கோட்டை எடுக்கப் போனவள் அதன் கீழ்விளிம்பைத் தூக்கிப் பார்த்தாள். ஓர் ஓரம் மட்டும், ஒரு சிறு கை கசக்கிப் பிடித்த அளவுக்கு, நனைந்து சுருங்கியிருந்தது. அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். கடற்பாசி வாடை. மாரிஸைப் பார்த்தாள். கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

அந்த வாரம் முழுவதும் மழை பெய்யவில்லை. பிரெண்டா மறுபடி அந்த வீட்டுக்குப் போகவில்லை.